கரிசல் மண்ணில் பழைய வீடு: அம்மாவுக்கு அறை எங்கே?

கேள்வி: அருப்புக்கோட்டையில் இருக்கிறோம். 1993-ல் அப்பா கட்டிய வீடு. பில்லர் கிடையாது. 9 இன்ச் செங்கல் சுவர், கருங்கல் அஸ்திவாரம், மேலே கான்கிரீட் தளம். கிழக்குப் பார்த்த வாசல். வடக்குப் பக்கம் வரிசையாக ஹால், சாப்பாட்டு இடம், சமையலறை. தெற்குப் பக்கம் இரண்டு படுக்கையறை. கொல்லையில் 24 அடி இடம் இருக்கிறது. அதில் வடமேற்கு மூலையில் செப்டிக் டேங்க், பக்கத்திலேயே குளியலறை, கழிவறை. அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. ராத்திரியில் மூன்று படி இறங்கிக் கொல்லைக்குப் போய்வர மிகவும் கஷ்டப்படுகிறார். முன் அறையில் நாங்கள், பின் அறையில் மகள், அம்மா ஹாலில் படுக்கிறார். பின்பக்கம் முழு அகலத்துக்கும் 14 அடி இழுத்து அம்மாவுக்கு பாத்ரூமோடு ஒரு அறை, பெரிய சமையலறை எடுக்கலாம், ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிடலாம், பிற்காலத்தில் மாடியும் கட்டலாம் என்று மகள் ஒரு பிளான் வரைந்திருக்கிறாள். மேஸ்திரி, “நடுச்சுவரை எடுத்துட்டு இரும்பு பீம் விட்டுடலாம். புது ரூமுக்குப் பழைய சுவரைக் குடைஞ்சு தளத்தை ஏத்திட்டா அந்தப் பக்கம் சுவர் செலவே இல்ல” என்கிறார். ஒரு இன்ஜினீயரிடம் கேட்டோம். “பழைய வீட்டில் எதையும் தொட முடியாது, இடித்துவிட்டுக் கட்டுங்கள்” என்றார். பின் அறைத் தெற்கு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசலும் இருக்கிறது. சித்திரையில் 5 ரூபாய் நாணயம் நுழையும். ஐப்பசி மழைக்குப் பிறகு கோடு மாதிரி ஆகிவிடும். அப்பா கட்டிய வீட்டை இடிக்க மனசு வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

வீட்டை இடிக்க வேண்டாம். மேஸ்திரி சொன்ன வழியிலும் போக வேண்டாம். நீங்கள் அனுப்பிய பிளானையும் போட்டோக்களையும் பார்த்தேன். கேட்கிற வசதி எல்லாமே இந்த இடத்துக்குள் கிடைக்கும். எந்தச் சுவரில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று வீடு ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அறைகளை இடம் மாற்றிப் போட்டால் போதும்.

உங்கள் வீட்டில் சுவர்தான் பில்லர். தளத்தின் எடை நேராகச் சுவர்மேல் உட்கார்ந்து, சுவரின் முழு நீளத்திலும் பரவிக் கருங்கல் கடைக்காலுக்கு இறங்குகிறது. நடுச்சுவர் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 5 இன்ச் கான்கிரீட், அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை, தட்டோடு, மொட்டை மாடியில் ஆள் நடமாட்டத்துக்கான அளவு எல்லாம் சேர்த்தால் சதுர அடிக்கு 60 கிலோவுக்கு மேல் வரும். ஹால் பக்கம் ஏறக்குறைய 42 சதுர அடி, சாப்பாட்டு இடத்துப் பக்கம் 42 சதுர அடி அந்தச் சுவரை நம்பி இருக்கிறது. 5 டன்னைத் தாண்டுகிறது. தளம் இரண்டு பக்கமும் தொடர்ச்சியாகப் போவதால் நடுவில் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.

நடுச்சுவரின் 13 அடி நீளத்துக்கும் இரும்பு பீம் விட்டால் தளம் நிற்காதா? சரியான அளவில் போட்டால் நிற்கும். சிக்கல் பீமின் இரண்டு முனையில் இருக்கிறது. இன்றைக்கு 13 அடி நீளத்தில் பரவி இறங்குகிற எடை, பீம் போட்ட மறுநாள் இரண்டே இடத்தில் இறங்கும். லிண்டலுக்கு (வாசல், ஜன்னல் மேலே வருகிற கான்கிரீட் கட்டை) மேலே இருக்கும் சுவரின் கனத்தையும் சேர்த்தால் முனைக்கு மூன்றரை டன்னுக்கு மேல். அந்த இரண்டு இடத்திலும் 30 வருஷப் பழைய செங்கல் நசுங்காமல் இருக்க வேண்டும். அதற்கு அடியில் உள்ள கடைக்கால் புதைந்துவிடாமல் இருக்க வேண்டும். பரவலான எடைக்கு உங்கள் அப்பா போட்ட கடைக்கால் அது. பாறையில் நிற்கிற வீடாக இருந்தால் கூட நான் யோசித்திருப்பேன். உங்கள் வீடு கரிசலில் நிற்கிறது.

இன்னொரு விஷயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு தளம் நடுவில் ஒரு சுவர்மேல் தொடர்ந்து போகும்போது, அந்த இடத்தில் கம்பி தளத்தின் மேல்பக்கம் இருக்கும். அறையின் நடுவில் கீழ்ப்பக்கம் இருக்கும். கம்பி கட்டுகிறவர்கள் சுவருக்குப் பக்கத்தில் வளைத்து மேலே ஏற்றுவார்களே, கிராங்க் கம்பி, அது இதற்குத்தான். சுவரை எடுத்துவிட்டால் இரண்டு அறைத் தளமும் ஒரே நீளமாகிவிடும். கீழே கம்பி வேண்டிய இடத்தில் மேலே கம்பி இருக்கும். பீமை ஏற்றுவதற்கு முன்னால், முட்டுக் கொடுக்காமல் சுவரைத் தட்டிவிட்டால் அந்தத் தளம் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டு இறங்காது. ஆகவே, “காலையில தட்டி சாயங்காலம் பீம் ஏத்திடலாம்” என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

நடுச்சுவரில் செய்யக்கூடியது என்ன? இப்போது அங்கே மூன்றரை அடி வாசல் ஒன்று இருக்கிறது. அதை 6 அடியாக அகலப்படுத்தலாம். இரண்டு பக்கமும் மூன்றரை அடிச் சுவர் மிச்சம் நிற்கும். திறப்பு சுவர் நீளத்தில் பாதிக்கும் குறைவு. எடை பழையபடி சுவர் வழியாகவே இறங்கும், முனையில் அவ்வளவு குவியாது. ஹாலில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேஜை தெரியும், விசேஷ நாளில் பந்தி பரிமாறப் போய்வர இடைஞ்சல் இல்லை. மகள் எதிர்பார்த்த விசாலத்தில் முக்கால்வாசி இதிலேயே வந்துவிடும்.

அதைச் செய்கிற முறையை விவரமாகவே எழுதுகிறேன், வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் சுவரின் இரண்டு பக்கமும் இரண்டடி தள்ளி, தளத்துக்கு அடியில் பலகை கொடுத்து இரும்பு முட்டு வரிசையாக நிறுத்த வேண்டும். முட்டின் காலும் தரையில் வெறுமனே நிற்காமல் பலகைமேல் நிற்க வேண்டும். பிறகு சுவரின் ஒரு முகத்தில் மட்டும், லிண்டல் மட்டத்தில், பாதிக் கனத்துக்குக் காடி வெட்டி, ‘ப’ வடிவ இரும்புச் சட்டமான சேனல் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். அதன் இரண்டு முனையும் ஒன்பது இன்ச் அளவுக்காவது சுவர்மேல், சின்னக் கான்கிரீட் கட்டைமேல் உட்கார வேண்டும். சேனலுக்கு மேலே இருக்கும் இடைவெளியைச் இறுகும்போது சுருங்காத கலவை (கிரவுட்) வைத்து இறுக்க வேண்டும். அது இறுகும் வரை அடுத்த முகத்தைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு மறு முகத்தில் அதே மாதிரி இன்னொரு சேனல். இரண்டையும் போல்ட் போட்டு இணைத்த பிறகுதான் கீழே உள்ள செங்கலை எடுக்க வேண்டும். அதையும் சம்மட்டியால் அடிக்காமல் கட்டிங் மெஷினால் அறுத்து எடுக்க வேண்டும். பழைய வாசலின் லிண்டல் குறுக்கே வருமாதலால், அதை எந்தக் கட்டத்தில் வெட்டி எடுப்பது என்பதைப் பொறியாளர் முன்பே குறித்துத் தர வேண்டும். என் கணக்கில் 6 அடித் திறப்புக்கு 6 இன்ச் சேனல் இரண்டு போதும். முடிவான அளவு, தளத்தின் கனத்தை நேரில் அளந்து பார்த்தவர் சொல்வதுதான்.

சாப்பாட்டு இடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மகள் பிளானில் அது நாலரை இன்ச் என்று குறித்திருக்கிறாள். அப்படியானால் அது வெறும் மறைப்புச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். அதை முழுதாகவே எடுத்துவிடலாம். ஆனால் நாலரை இன்ச் என்பதாலேயே பாரம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சுவர் தளத்தைத் தொடுகிற இடத்தில் இரண்டு மூன்று இடத்தில் பூச்சை உரித்துப் பாருங்கள். தளம் போட்ட பிறகு எழுப்பிய சுவராக இருந்தால் மேல் வரிக்கும் தளத்துக்கும் நடுவில் கலவையைத் திணித்து அடைத்திருப்பது தெரியும். தளத்தின் அடியில் பூச்சு அல்லது சென்ட்ரிங் பலகைத் தடம் சுவருக்கு மேலேயும் தொடர்ந்து போகும். சுவர்மேலேயே கான்கிரீட்டைக் கொட்டியிருந்தால் செங்கலும் கான்கிரீட்டும் ஒட்டிப் பிடித்திருக்கும். அப்போது கை வைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று தளத்தை உடைக்காமலே பார்க்க ரீபார் லொகேட்டர் கருவி இருக்கிறது. சமையலறைப் பரண் அந்தச் சுவரைப் பிடித்துத் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கினால் முதலில் பரணை இறக்க வேண்டும்.

அந்தச் சுவர் போய்விட்டால் சாப்பாட்டு இடமும் சமையலறையும் சேர்ந்து 13 அடிக்குப் பதினெட்டரை அடி ஒரே அறை. மேடையை வடக்குப் பக்கம் ஒதுக்கினால், தெற்கே படுக்கையறைச் சுவரை ஒட்டி மூன்றரை அடி நடைவழி கிடைக்கும். அது நேராக இப்போது இருக்கிற கொல்லை வாசலில் போய் முடியும். புதிய பகுதிக்குப் போகிற வழி அதுதான். எந்தச் சுவரையும் புதிதாக உடைக்க வேண்டியதில்லை. சமையலறையைப் பின்னால் இழுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பாத்திரம் துலக்க, கிரைண்டர் வைக்க, சிலிண்டர் வைக்க ஒரு இடம் வேண்டுமென்றால் பின் சுவரை ஒட்டி நாலடி ஆழத்துக்கு மெட்டல் ஷீட் கூரை போட்டுக்கொள்ளலாம். கனமில்லாத கூரைக்குக் கடைக்கால் கவலை குறைவு. டேங்கும் திறந்த வெளியிலேயே இருக்கும்.

டேங்க் திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். அதன்மேல் அறை கட்டி, மூடியை மட்டும் வேலை செய்கிற இடத்துக்குள் விட்டுக்கொள்ளலாம் என்பது பிளானில் நான் கொஞ்சமும் சம்மதிக்காத விஷயம். அந்த வாயு உயிரைக் குடிக்கும். மூடியைச் சுற்றி எப்போதும் காற்று வேண்டும், கழிவை உறிஞ்சுகிற வண்டியின் குழாய் வந்து சேர வழி வேண்டும், ஆளை உள்ளே இறக்காமல் சுத்தம் செய்ய இடம் வேண்டும். டேங்க் சுவருக்குப் பக்கத்தில் கடைக்கால் தோண்டினாலும் டேங்க் பக்கவாட்டில் சரியும்.

இனி அம்மா. பிளானில் அம்மாவின் அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. ஹாலிலிருந்து தூரம், ராத்திரி கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. இப்போது மகள் படுக்கிற பின் அறையை அம்மாவுக்குக் கொடுங்கள். அந்த அறை உங்கள் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சாப்பாட்டு இடத்துக்கும் ஒட்டினாற்போல் இருக்கிறது. புதிய அறையை மகள் எடுத்துக்கொள்ளட்டும். படிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு அறை கிடைத்தால் அவளுக்கும் சந்தோஷம்தான்.

பின் அறையின் மேற்கு ஜன்னல் 4 அடி அகலம் இருக்கிறது. அதன் மேல் ஏற்கெனவே லிண்டல் இருக்கிறது. சுவர் எடையெல்லாம் அந்த லிண்டல் வழியாக இரண்டு பக்கமும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே இருக்கிற மூன்றடிச் செங்கல் மேலிருந்து எதையும் தாங்கவில்லை. ஆகவே ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, அதே அகலத்தில் நேராகக் கீழே அறுத்து எடுத்தால் பாத்ரூமுக்கு வாசல் தயார். பக்கவாட்டில் ஒரு அங்குலம்கூட அகலப்படுத்த வேண்டாம்; லிண்டல் உட்கார்ந்திருக்கிற செங்கல் அங்கேதான் இருக்கிறது. பேஸ்மென்ட் மட்டத்துக்குக் கீழேயும் வெட்ட வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட் இடைஞ்சலாக வரும். அதை மெஷினால் அறுத்து எடுக்கலாம், ஆபத்தில்லை. ஆனால் அதை அப்படியே விட்டு அதன்மேல் புதுச் சுவரையோ தளத்தையோ ஏற்றக் கூடாது. தன் கனத்தை மட்டும் சுமக்கப் போட்டது அது.

புதிய பகுதி, பின் அறையின் அகலமும் நடைவழியின் அகலமும் சேர்ந்து பதினைந்தரை அடி. பழைய சுவரை அடுத்த முதல் ஐந்தரை அடியில் அம்மாவின் பாத்ரூமும் அதன் வடக்கே நடைவழியும். அதைத் தாண்டி மகளின் அறை. டேங்க் வடக்கு காம்பவுண்டை ஒட்டி இருப்பதால் நடுவில் நல்ல இடைவெளி விழும். பின்னாலும் பக்கத்திலும் விட வேண்டிய இடத்தை 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி நகராட்சியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

இந்தப் புதிய பகுதி பழைய வீட்டைத் தொடாமல், தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். மேஸ்திரி சொன்னபடி பழைய சுவரைக் குடைந்து தளத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை உங்கள் விரிசலே சொல்கிறது. கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் நிலம் பாளம் பாளமாகப் பிளந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். இந்த அசைவு மேல் மண்ணில் அதிகம், ஆழம் போகப் போகக் குறையும். மூன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே மழை, வெயில் மாற்றம் பெரிதாக எட்டாது. உங்கள் கருங்கல் கடைக்கால் நாலடி, ஐந்தடிதான் இருக்கும். ஆகவே பழைய வீடு வருஷா வருஷம் கொஞ்சம் மேலே ஏறி இறங்குகிறது. புதிய பகுதியை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இரண்டும் ஒரே மாதிரி அசையாது. இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டால் எங்காவது ஒரு இடத்தில் கிழிந்தே தீரும். பாத்ரூமை ஒட்டிக் கிழிந்தால் அந்தத் தண்ணீர் நேராகக் கரிசலுக்குள் இறங்கி நிலைமையை இன்னும் கெடுக்கும்.

கரிசலுக்கென்றே நம் நாட்டில் வளர்த்தெடுத்த முறை ஒன்று இருக்கிறது: அண்டர் ரீம் பைல். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஐஎஸ் 2911 என்ற இந்தியத் தரநிலையின் பகுதி 3 இதற்கான விதிகளைச் சொல்கிறது. 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் குழி போட்டு, அடியில் மட்டும் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் மாதிரி விரித்து, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போடுவார்கள். மேல் மண் எப்படி ஆடினாலும் அடியில் இருக்கிற குமிழ் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சாதாரண பில்லர் குழி என்றால் அஞ்சுக்கு அஞ்சு அகலமாகத் தோண்ட வேண்டும். பழைய கடைக்காலுக்குப் பக்கத்தில் அப்படித் தோண்டினால் அதன் அடிமண் சரிந்து பின் சுவரே இறங்கிவிடும். பைலுக்கு ஒரு சின்னத் துளைதான்.

அப்படியிருந்தும் முதல் வரிசைப் பைலைப் பழைய சுவரை ஒட்டிப் போட வேண்டாம். இரண்டரை அடி தள்ளிப் போட்டு, பீமை அங்கிருந்து பழைய சுவர்ப் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பில்லர்கள் பாத்ரூமின் பக்கச் சுவர்களுக்குள்ளேயே மறைந்துவிடும். பைல்களை இணைக்கிற பீம் மண்ணைத் தொடக் கூடாது. அடியில் 80 மில்லிமீட்டராவது காலி இடம் வேண்டும். மழைக்கு உப்புகிற மண் பீமை முட்டித் தூக்காமல் இருக்க அந்த இடைவெளி. பீமுக்குக் கீழே மண்ணைப் போட்டு, மட்டம் பிடித்து, அதன்மேலேயே கான்கிரீட் கொட்டுவதுதான் எங்கும் வழக்கம். நீங்கள் குனிந்து கை விட்டுப் பாருங்கள். கை போகவில்லை என்றால் பைல் போட்ட செலவு வீண். பாத்ரூம் தரையையும் மண் நிரப்பி அதன்மேல் போடாமல் பீமிலிருந்து பீமுக்குத் தளமாகவே போட்டுவிடச் சொல்லுங்கள்.

பழைய சுவருக்கும் புதிய கட்டடத்துக்கும் நடுவில், அடி பீமிலிருந்து மேல் தளம் வரை, ஒரு அங்குலம் முழு இடைவெளி விடுங்கள். உள்ளே தெர்மோகோல் மாதிரி மெத்தென்ற ஒன்று இருக்கட்டும், கலவை விழுந்து அடைந்துவிடக் கூடாது. பாத்ரூமுக்குப் பழைய சுவரையே சுவராக வைத்துக்கொள்ளாமல் புதிய பீம்மேல் தனியாக நாலரை இன்ச் சுவர் எழுப்பி அதில் டைல்ஸ் ஒட்டுங்கள். மேஸ்திரி மிச்சம் பிடிக்கச் சொன்ன சுவர் இதுதான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாசல் நிலையிலும் நடைவழியிலும் தெரிகிற இடைவெளியை அலுமினியப் பட்டியால் மூடலாம். பட்டியை ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள், மறு பக்கம் நகர வேண்டும். மொட்டை மாடியில் இடைவெளியின் இரண்டு கரையிலும் அரை அடிக் கட்டை எழுப்பி, மேலே தகடு மூடி போட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போகாது. இடைவெளியைக் கடந்து போகிற தண்ணீர்க் குழாய், வயர் எல்லாம் கொஞ்சம் வளைந்துகொடுக்கிற மாதிரி இருக்கட்டும். தரை மட்டம் பழைய வீட்டுத் தரையோடு சமமாக இருக்க வேண்டும். அம்மாவின் கால் இடறாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும்.

பாத்ரூமைப் பற்றி இரண்டு வார்த்தை. கதவு மூன்றடிக்குக் குறையாமல், உள்பக்கம் திறக்காத கதவாக இருக்கட்டும். அம்மா உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பி வருகிற சுவரை எடை குறைந்த பிளாக்கில் கட்டாமல் செங்கல்லில் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஆள் பிடித்துத் தொங்கும்போது போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும்.

அந்த விரிசலுக்கு வருகிறேன். போட்டோவில் மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் அந்தத் தென்மேற்கு மூலையிலேயே மண்ணில் கொட்டுவது தெரிகிறது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மண்ணில், வீட்டின் பாதி மழைத் தண்ணீரை ஒரே மூலையில் விடுகிறோம். அந்த மூலை மட்டும் உப்புகிறது, மறுபடி சுருங்குகிறது. கட்டட வேலைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே குழாயை நீட்டி, வீட்டை விட்டுப் பத்தடி தள்ளி விடுங்கள். புதுப் பகுதி வராத பக்கங்களில் சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்கு, வெளிச்சரிவாக சிமென்ட் தளம் போடுங்கள். மண்ணின் ஈரம் ஒரே சீராக இருந்தால் விரிசல் விரிவதும் மூடுவதும் குறையும். விரிசலின் குறுக்கே பென்சிலால் மூன்று இடத்தில் கோடு போட்டு, தேதியும் அகலமும் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால் போதும். ஐப்பசியில் எவ்வளவு, பங்குனியில் எவ்வளவு என்று தெரிந்தால், வருகிற பொறியாளருக்கு அதைவிட நல்ல தகவல் இல்லை. அசைவு அடங்கும் வரை அதைச் சிமென்ட் வைத்துப் பூச வேண்டாம்.

மாடி விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். பழைய வீட்டின் மேல் மாடி வேண்டாம். நடுச்சுவர் இப்போது தாங்குகிற 5 டன், அதே இடத்தில் மாடிச் சுவரும் மாடித் தளமும் வந்தால் 15 டன்னைத் தாண்டும். கரிசலில் ஆடிக்கொண்டிருக்கிற கடைக்காலிடம் அதைக் கேட்கக் கூடாது. புதிய பகுதிக்குப் பைல் போடும்போதே மேலே ஒரு அறைக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மகளுக்குப் பின்னாளில் வேண்டுமென்றால் அங்கே எடுத்துக்கொள்ளலாம். அதற்காகப் பில்லர் கம்பியை மொட்டை மாடியில் நீட்டி வைப்பதாக இருந்தால் வெறுமனே விடாதீர்கள். சில வருஷத்தில் துருப்பிடித்து, கட்டும்போது பயன்படாது. கம்பியைச் சுற்றி சிமென்ட் குறைவான கலவைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டால், வேண்டும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

யாரை வைத்துச் செய்வது? இடித்துக் கட்டுங்கள் என்றவரிடமே திரும்பப் போக வேண்டியதில்லை. ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் ஒருவரை, மதுரையிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ, ஒரு முறை நேரில் வரவழையுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பழைய கடைக்காலின் ஆழத்தைத் தோண்டிப் பார்ப்பீர்களா, முட்டு எங்கெங்கே வரும் என்று வரைந்து தருவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் வேலையைக் கொடுங்கள். மேஸ்திரியையும் ஒதுக்க வேண்டாம். வரைபடம் கையில் இருந்தால் நன்றாகச் செய்யக்கூடியவர்தான். செலவைக் குறைத்துக் கொடுக்க நினைத்தே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆனால் பைல் குழி போட, அந்த வேலையே செய்கிற ஆட்களைத் தனியாக அழைத்து வரச் சொல்லுங்கள்.

பைலும் அடி பீமும் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிட வேண்டும். முடியாது என்று தோன்றினால் இந்த வருஷம் தொடங்காமல் தை பிறந்த பிறகு தொடங்குங்கள். குழி திறந்திருக்கும்போது மழை இறங்கினால் கரிசல் உள்ளே சரிந்து குமிழ் அடைந்துவிடும். அதுவரை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோட் நாற்காலி வாங்கிப் போடுங்கள். மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. இன்று ராத்திரியே படி இறங்குவது நின்றுவிடும்.

வேலை வரிசையில் வெளிப் பகுதி முழுதும் முதலில். தளம் போட்டு, சுவர் பூசி, குழாய் இணைத்து, பாத்ரூமில் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் கசிவு பார்த்த பிறகு ஜன்னலுக்குக் கீழே அறுத்து வாசலைத் திறவுங்கள். அதுவரை அம்மாவுக்குத் தூசியும் இல்லை, சத்தமும் குறைவு. நடுச்சுவரின் 6 அடித் திறப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. அந்த நாட்களில் ஹாலிலும் சாப்பாட்டு இடத்திலும் முட்டு நிற்கும். அப்போது அம்மா ஹாலில் படுக்க வேண்டியிருக்காது. பாத்ரூமோடு சேர்ந்த தன் அறைக்குப் போயிருப்பார்.